ஒரே டீ, ஒரே விலை, இரண்டு குவளை: பங்கீட்டு நீதி இதில் எங்கே நிற்கிறது?

வைகைக்கரை எழுதியது:

ஒரு டீக்கடை. ஊர்த்தெருக்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். காலனிக்காரர்களுக்கு, அதாவது தலித்துகளுக்கு, ஓரமாக ஆணியில் தொங்கும் அலுமினியக் குவளை; குடித்து முடித்ததும் அவர்களே கழுவி அதே ஆணியில் மாட்ட வேண்டும். டீத்தூள் ஒன்றுதான். பால், சர்க்கரை அளவில் வித்தியாசம் கிடையாது. விலையும் ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் எழுதுகிற கணக்கு நோட்டில் இந்தக் கடை நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்.

1971இல் அமெரிக்கத் தத்துவக்காரர் ஜான் ரால்ஸின் ‘நீதிக் கோட்பாடு’ நூல் வந்த பிறகு சமத்துவம் பேசிய தத்துவக்காரர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கு நோட்டைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்பது என் குற்றச்சாட்டு. எதைச் சமமாகப் பங்கிடுவது? வருமானத்தையா, மகிழ்ச்சியையா, வாய்ப்பையா? 1979இல் ஸ்டான்ஃபோர்டில் அமர்த்தியா சென் ஆற்றிய உரையின் தலைப்பே ‘எதில் சமத்துவம்?’ என்பதுதான். ஒருவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று பாருங்கள் என்றார் அவர். 1981இல் ரொனால்டு டுவார்க்கின், வளங்களைப் பாருங்கள் என்றார். 1989இல் ஜி.ஏ. கோஹன் இன்னொரு அளவுகோலை நீட்டினார்.

1999இல் எலிசபெத் ஆண்டர்சன் வந்து, கேள்வியே தப்பு என்றார். விதி செய்த கோளாறையெல்லாம் ஈடுகட்டுவது சமத்துவத்தின் வேலை இல்லை. ஒரு மனிதர் இன்னொருவர் முன்னால் கைகட்டி நிற்கும் நிலையை ஒழிப்பதுதான் வேலை. நான் அந்தக் கட்சி. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் வரலாம்.

*

கணக்கப்பிள்ளை எழுதியது:

ரால்ஸ் மேல் இது அநியாயப் பழி. அவர் கணக்கு நோட்டில் வருமானமும் சொத்தும் கடைசி வரிசையில்தான் வரும். முதல் விதி அடிப்படை உரிமைகள். அதை விற்றுப் பணம் வாங்க அவர் அனுமதிப்பதே இல்லை. அப்புறம் வாய்ப்புச் சமத்துவம். அதற்கும் பிறகுதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த வேறுபாட்டு விதி: ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது அடிமட்டத்தில் இருப்பவரின் நிலையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்த வேண்டும்.

இன்னொன்று. சுயமரியாதைக்கான சமூக அடித்தளம்தான் பங்கிட வேண்டியவற்றில் மிக முக்கியமானதாக இருக்கலாம் என்று ரால்ஸே எழுதியிருக்கிறார். அலுமினியக் குவளை அதில் நேராகப் போய் விழும். நம் அரசியலமைப்பில் தீண்டாமையை ஒழித்த 17வது பிரிவு, அதைத் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் என்று குற்றமாக்கி வைத்திருக்கும் விஷயத்தைக் கொண்டுவந்து, ‘பங்கீட்டுக் கோட்பாட்டுக்கு இது தெரியவில்லை’ என்றால் எப்படி?

*

மெய்யப்பன் எழுதியது:

கணக்கப்பிள்ளை சார் ரால்ஸைப் பார்த்துக்கொள்வார். நான் கோஹன் பக்கம் பேசுகிறேன்.

‘விதி செய்த கோளாறை ஈடுகட்டுபவர்கள்’ என்று நீங்கள் கிண்டலடிக்கும் அதிர்ஷ்ட சமத்துவக்காரர்கள் (கோஹன் அந்தக் கட்சி) சொல்வது எளிமையானது. ஒருவர் தெரிந்தே பந்தயம் கட்டித் தோற்றால் அது அவர் பாடு. தன் கையில் இல்லாத காரணத்தால் ஒருவர் தாழ்ந்து போனால் அது அநீதி. டுவார்க்கின் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். இப்போது சொல்லுங்கள்: எந்தத் தெருவில் பிறப்பது என்பதைவிட ஒருவர் கையில் இல்லாத விஷயம் வேறு ஏதாவது உண்டா? உலகத்தில் எந்தக் கோட்பாடு சாதியை வேரோடு தப்பு என்கிறதோ, அதே கோட்பாட்டைச் சாதிக்குக் கண் தெரியாத கோட்பாடு என்கிறீர்கள்.

மரியாதையும் ஒரு பொருள்தான். நோட்டில் அதற்கும் ஒரு பத்தி போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

*

வைகைக்கரை எழுதியது:

சரி, பத்தி போடுவோம். கடைக்காரர் உங்கள் நோட்டைப் படித்துவிட்டு மனம் திருந்துகிறார் என்று வையுங்கள். “அலுமினியக் குவளையில் குடிப்பவருக்கு மரியாதைக் குறைவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஈடாக டீ பன்னிரண்டு ரூபாய்க்குப் பதில் எட்டு ரூபாய்” என்கிறார். நான்கு ரூபாய் போதவில்லையா? இலவசமாகவே தருகிறார். கூட ஒரு பன்னும் தருகிறார்.

அநீதி குறைந்ததா? என் கண்ணுக்கு அது கூடியிருக்கிறது. முன்பு வழக்கமாக இருந்த அவமானத்துக்கு இப்போது விலை வைத்தாயிற்று. எந்தப் பத்தியில் எழுதினாலும் ஈடுகட்ட முடியாத ஒன்றைப் ‘பொருள்’ என்று சொல்லி என்ன பயன்?

1927இல் மகாராஷ்டிரத்தின் மகாத்தில், தீண்டப்படாதோருக்கு மறுக்கப்பட்டிருந்த சவதார் குளத்துக்கு மக்களை அழைத்துப் போன அம்பேத்கர் இதைத்தான் சொன்னார். அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்காக மட்டும் நாம் அங்கே போகவில்லை. மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டப் போகிறோம் என்றார். பக்கத்திலேயே இன்னொரு குளம் வெட்டித் தந்திருந்தால் தண்ணீர்க் கணக்கு நேராகியிருக்கும். அவர் கேட்டது அந்தக் கணக்கை இல்லை.

*

அரைவேக்காடு எழுதியது:

ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டெரக் பார்ஃபிட் என்பவர் சமத்துவக்காரர்களை மடக்க ஒரு கேள்வி கேட்டாரே: கண் பார்வை உள்ளவர் எல்லோரையும் குருடாக்கினால் சமத்துவம் வந்துவிடும், அதனால் யாருக்கு என்ன லாபம் என்று. இங்கே அதைப் போட்டுப் பார்க்கலாமா? கடைக்காரர் கண்ணாடி கிளாஸ் எல்லாவற்றையும் உடைத்துவிட்டு எல்லோருக்கும் அலுமினியக் குவளையில் கொடுக்கிறார். யாருக்கும் நல்ல கிளாஸ் கிடைக்கவில்லை. இது முன்னேற்றமா, பின்னேற்றமா?

*

வைகைக்கரை எழுதியது:

பேர்தான் அரைவேக்காடு. இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

முன்னேற்றம். சந்தேகமே இல்லை. பார்ஃபிட்டின் கேள்வி பார்வை, பணம், அரிசி மாதிரி விஷயங்களுக்குத்தான் கடிக்கும். அங்கே மேலே இருப்பவரிடம் பிடுங்கினால் கீழே இருப்பவருக்கு எதுவும் சேராது. அதனால்தான் அவர் சமத்துவத்தை விட்டுவிட்டு, கீழே இருப்பவருக்கு முன்னுரிமை கொடுத்தால் போதும் என்ற இடத்துக்கு வந்தார். குவளையில் பிடுங்குவதே சேர்ப்பதுதான். கிளாஸ் உடைந்த மறுநாள் காலையில் காலனிக்காரர் கையில் இருப்பது நேற்றைய அதே குவளை. ஆனால் அதற்கு இருந்த அர்த்தம் போய்விட்டது.

நாட்டு நடப்பு என்னவென்றால், பல கடைகள் பேப்பர் கப்புக்கு மாறின. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் சரி. சில இடங்களில் ஒரு தரப்புக்கு மட்டும் பேப்பர் கப், மற்றவர்களுக்குப் பழைய கிளாஸ். சுகாதாரத்தில் பேப்பர் கப் ஒசத்தி. அப்படியும் அது அவமானம்தான். பொருளின் தரத்தை அளந்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

*

மெய்யப்பன் எழுதியது:

அவசரப்படாதீர்கள். கிளாஸ் உடைந்ததும் காலனிக்காரரின் நிலை உயர்ந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் ‘யாருக்கும் லாபம் இல்லை’ என்ற பார்ஃபிட்டின் நிபந்தனை இங்கே பொருந்தவில்லை, அவ்வளவுதான். அவர் தோற்கவில்லை. மரியாதை என்ற பத்தியில் ஒரு வரி ஏறியிருக்கிறது. நோட்டு இன்னும் என் கையில்தான் இருக்கிறது!

*

நிலாமதி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். குவளையை விட்டு அரிசிக்கு வாருங்கோ; எங்கட பக்கத்தில் இந்த விவாதம் அரிசியில்தான் நடந்தது.

இலங்கையில் பங்கீட்டு அரிசி 1942இல், யுத்த காலத்தில் தொடங்கியது. கூப்பன் எல்லோருக்கும். சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடை) கூலிக்காரரும் நிற்பார், பள்ளிக்கூட வாத்தியாரும் நிற்பார். 1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள். நாடு தழுவிய ஹர்த்தால் வந்து டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டே போனார். அவ்வளவு பேரும் ஒரே கூப்பனில் இருந்தபடியால்தான் அந்தப் பலம்.

77இல் ஆட்சி மாறியது. 78இல் வருமானம் பார்த்து ஒரு பகுதியினரை வெட்டினார்கள், 79இல் கூப்பனே போய் உணவு முத்திரை (ஃபுட் ஸ்டாம்ப்) வந்தது. முத்திரை ரூபாய்க் கணக்கில் இருந்தது. விலை ஏற ஏற அதன் பெறுமதி தேய்ந்தது. அதைத் தட்டிக் கேட்க இந்த முறை வாத்தியார் வரிசையில் இல்லை. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியது கடைசியில் ஏழைகளுக்கே போதாமல் போனது.

வைகைக்கரை அண்ணா, நீங்கள் மரியாதை என்று சொல்வதை நான் பலம் என்று சொல்வேன். ஒரே வரிசையில் நின்றால் மரியாதையும் கிடைக்கும், அரிசியும் நிலைக்கும்.

*

கணக்கப்பிள்ளை எழுதியது:

நிலாமதி அம்மா சொன்ன வரலாறு சரி. ஆனால் அதன் மறுபக்கம் கஜானா. தமிழ்நாட்டில் 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுப் பட்டியல் போடச் சொன்னபோதும் எல்லோருக்கும் ரேஷன் என்பதை விடவில்லை. 2011 முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி இலவசம். 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2016 நவம்பரில் அதற்குள் சேர்ந்தபோதும் யாரையும் கழிக்கவில்லை. பெருமைதான். ஆனால் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி மானியம் போகிறது. அந்த அரிசியில் ஒரு பங்கு இட்லி மாவுக் கடைக்கும், மாட்டுத் தீவனத்துக்கும், எல்லை தாண்டி லாரியிலும் போவது ஊருக்கே தெரியும். அடிமட்டத்தில் இருப்பவருக்கு அதிகபட்சம் என்ற ரால்ஸ் விதிப்படி பார்த்தால், கார் வைத்திருப்பவருக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு குழந்தையின் சத்துணவு முட்டையிலிருந்து எடுத்தது.

யாருக்குத் தேவை என்று கேட்பதில் என்ன அவமானம் இருக்கிறது?

*

பொன்னி எழுதியது:

சார், அவமானம் எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.

ஆண்டர்சன் தன் கட்டுரையில் ஒரு விளையாட்டு விளையாடுவார். அதிர்ஷ்ட சமத்துவக்காரர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள், உதவித்தொகை அனுப்பும் வாரியம் காசோலையோடு ஒரு கடிதமும் வைக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு: உங்கள் குறைபாட்டால் உங்கள் வாழ்க்கை மற்றவர்கள் வாழ்க்கை அளவுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது, அதற்கு ஈடாக இந்தத் தொகை. திறமை இல்லாதவருக்கு: உங்களிடம் இருப்பதை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள், வருந்துகிறோம், இதை வைத்துக்கொள்ளுங்கள். அழகில்லாதவருக்கும் ஒரு கடிதம் உண்டு. 99இல் படித்தவர்கள் இதைக் கொஞ்சம் மிகையான கிண்டல் என்று நினைத்திருப்பார்கள்.

2017இல் ராஜஸ்தானில் தௌசா மாவட்டத்தில் அந்தக் கடிதத்தைச் சுவரிலேயே எழுதினார்கள். வீட்டு முன்சுவரில், மஞ்சள் பட்டையில்: ‘நான் ஏழைக் குடும்பம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ரேஷன் வாங்குகிறேன்’ என்று. எழுதியவர்கள் வில்லன்கள் இல்லை சார். உங்களைப் போலவே, தகுதி இல்லாதவர் வாங்கிவிடக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள். தேவை யாருக்கு என்று கேட்க ஆரம்பித்தால், பதில் உண்மையா என்று சோதிக்க வேண்டியிருக்கும். சோதிப்பதில் மிக மலிவான வழி, அக்கம்பக்கத்தார் கண்ணில் படும்படி செய்வது. அந்த வீட்டுப் பிள்ளை அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போகும்.

நம் ஊரிலும் எல்லாமே பொது இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குப் படிவம் உண்டு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குள். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வளவு வீட்டில் எந்த யூனிட் யாருடையது? பேர் ‘உரிமை’. வரிசையில் நின்ற முகங்கள் அப்படிச் சொல்லவில்லை. அதே பெண்கள் டவுன் பஸ்ஸில் ஏறும்போது யாரும் கரண்ட் பில் கேட்பதில்லை. இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருகிறார்கள்.

*

மெய்யப்பன் எழுதியது:

பொன்னி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அடி விழுந்தது தவறான முதுகில். நீதி என்றால் என்ன என்பது ஒரு கேள்வி. அரசாங்கம் எந்த வழியில் அதை நெருங்குவது என்பது வேறு கேள்வி. கோஹன் வாழ்நாள் முழுக்க இந்தக் கோட்டைத்தான் வலியுறுத்தினார். அவமானப்படுத்தாமல் விசாரிக்க முடியாது என்றால் விசாரிக்காதே. கொஞ்சம் நீதியை இழந்து மரியாதையைக் காப்பாற்று. இழந்தது நீதி என்பதை மட்டும் மறக்காதே.

நீங்கள் எல்லோரும் மதிக்கும் ரால்ஸை அவர் எங்கே பிடித்தார் தெரியுமா? 1988இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் நைஜல் லாசன் உச்ச வருமான வரியை 60 சதவீதத்திலிருந்து 40க்கு இறக்கினார். திறமைசாலிகள் கூடுதலாக உழைப்பார்கள், ஏழைக்கும் அதில் லாபம் என்பது வாதம். வேறுபாட்டு விதிப்படி பாஸ்! கோஹன் கேட்டார்: கடத்தல்காரன் ஒருவன் வந்து, “குழந்தை பெற்றோரிடம் இருப்பதுதான் நியாயம், பணம் தராவிட்டால் நான் தர மாட்டேன், ஆகவே நீங்கள் பணம் தருவதுதான் நியாயம்” என்றால் தர்க்கம் சரி. ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு வாய் எங்கிருந்து வருகிறது? “வரியைக் குறைக்காவிட்டால் உழைக்க மாட்டோம்” என்று மேலே இருப்பவர்களே கீழே இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அப்படித்தான் இருக்கும். மனிதருக்கு மனிதர் உள்ள உறவைத்தான் பார்க்க வேண்டும் என்கிறீர்களே, இதில் உறவு இல்லையா? கோஹன் அந்த வாதத்துக்கு வைத்த தலைப்பிலேயே ‘சமூகம்’ என்ற சொல் இருக்கிறது.

*

கணக்கப்பிள்ளை எழுதியது:

கடத்தல்காரன் உவமை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கூடுதல் சம்பளம் கேட்கும் ஒரு டாக்டர் எந்தக் குழந்தையையும் கடத்தவில்லை. அவர் உழைப்பு அவருடையது. தத்துவக்காரர் ராபர்ட் நோசிக் 1974இல் சொன்ன கூடைப்பந்து வீரரை யாரும் இங்கே இழுக்காதது ஆச்சரியம். பத்து லட்சம் பேர் தலைக்கு 25 சென்ட் வீதம் தாங்களாகவே உண்டியலில் போட்டு வில்ட் சேம்பர்லினின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். நேற்று நீங்கள் வைத்த சமமான பங்கீடு இன்று ராத்திரியே கலைந்தது. இரண்டரை லட்சம் டாலர். எந்த இடத்தில் அநியாயம் நடந்தது? கலையாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் தினமும் ஒவ்வொருவர் பையையும் துழாவ வேண்டும். அதுவும் அவமானம்தானே, வைகைக்கரை?

*

வைகைக்கரை எழுதியது:

நோசிக்குக்கு என்னிடம் இருக்கும் பதில் கொஞ்சம் வேறு. சேம்பர்லின் பணக்காரர் ஆனதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தப் பணத்தால் தேர்தலையும் பள்ளிக்கூடத்தையும் வாங்கி, அடுத்த தலைமுறை அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டி வந்தால்தான் பிரச்சினை. அதற்குத் தினமும் பையைத் துழாவ வேண்டியதில்லை. பணம் நுழையக் கூடாத கதவுகளைப் பூட்டினால் போதும்.

மெய்யப்பன், ‘கொஞ்சம் நீதியை இழந்து’ என்பதில்தான் நம் இருவருக்கும் இடையிலான சண்டை முழுவதும் இருக்கிறது. ஆண்டர்சன் சொல்லும் விபத்தை எடுங்கள். தப்பான திருப்பத்தில் வண்டியை விட்டு அடிபட்டவர், காப்பீடு கிடையாது. ஆம்புலன்ஸ்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டு அவரை ரோட்டிலேயே விட்டுப் போகலாமா? உங்கள் கோட்பாடு கறாராக நின்றால் அவர் பந்தயம் கட்டித் தோற்றவர். நீங்கள் கருணை என்ற பெயரில் காப்பாற்றுவீர்கள். எனக்கு அது கருணை இல்லை, கடமை.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் மாநில எல்லைக்குள் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. அங்கே நீதி எதையும் இழந்ததாக எனக்குத் தெரியவில்லை.

*

மெய்யப்பன் எழுதியது:

அதே வண்டி பக்கத்தில் நடந்து போன ஒருவரையும் இடித்தது. ஐசியூவில் ஒரு படுக்கைதான் காலி. காயம் இருவருக்கும் ஒரே அளவு. ‘யார் மேல் தப்பு’ என்பதற்கு இம்மியளவும் இடமில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

*

வைகைக்கரை எழுதியது:

டாக்டர் அதைக் கேட்கக் கூடாது என்பேன். இழப்பீட்டு வழக்கில் நீதிபதி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். தப்பு யார் மேல் என்பது செத்துப்போன கேள்வி என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் ரேஷன் கடை வாசலிலும் அதற்கு வேலை இல்லை.

*

அரைவேக்காடு எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. யாரும் யாருக்கும் கீழே இல்லை என்றால் போதும் என்கிறார் அண்ணன். அப்படியென்றால் அரிசி எத்தனை கிலோ? சம்பள வித்தியாசம் பத்து மடங்கு இருக்கலாமா, நூறு மடங்கு இருக்கலாமா? மெய்யப்பன் சாரின் நோட்டில் ஏதோ ஒரு எண் வரும். உங்கள் பக்கம் எண்ணே வராதா?

*

வைகைக்கரை எழுதியது:

நேராக வராது. ஹாரி ஃப்ராங்க்ஃபர்ட் 1987இல் ‘எல்லோருக்கும் போதுமான அளவு இருந்தால் சரி, சமமாக இருக்க வேண்டியதில்லை’ என்றபோதும் இதே சிக்கல்தான்: எவ்வளவு போதும்? ஆண்டர்சன் பதில், சக குடிமகனாக நிமிர்ந்து நடமாடத் தேவையான அளவு. அது ஊருக்கு ஊர் மாறும். மகளைக் கல்லூரிக்கு அனுப்ப ஒரு ஸ்மார்ட்போன் வேண்டும் என்ற ஊரில் அது தேவை. முப்பது வருடம் முன்பு இல்லை. நூறு மடங்கு சம்பளம் வாங்குபவரின் பிள்ளையும் டவுன் பஸ், அரசுப் பள்ளி, அரசு ஆஸ்பத்திரி பக்கமே வராமல் வளர்ந்தால், நிலாமதி சொன்ன ஒரே வரிசை உடைந்துவிட்டது. மடங்கு அதிகம் என்பதற்கு எனக்கு அதுவே அடையாளம். எண் கேட்டால் அதை வைத்துத் தேட வேண்டும்.

*

நிலாமதி எழுதியது:

வரிசை உடையாமல் வைத்திருக்க வசதிக்காரரைக் கட்டாயப்படுத்தி நிறுத்தவும் தேவையில்லை. வேண்டாம் என்பவர் தானாக விலகலாம், கதவு திறந்திருக்கட்டும். அதை எங்கட ஆட்கள் 78இல் யோசிக்கவில்லை; விலக்குவதை அரசாங்கமே செய்தது.

*

கணக்கப்பிள்ளை எழுதியது:

அந்தக் கதவு தமிழ்நாட்டில் உண்டு அம்மா. அரிசி வேண்டாம், அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை போதும் என்றால் சர்க்கரை அட்டை. எதுவுமே வேண்டாம், அடையாளத்துக்கு மட்டும் என்றால் அதற்கும் தனி அட்டை. நானே பல வருடமாகச் சர்க்கரை அட்டைதான். மாற்றும்போது சம்பளச் சீட்டு, கரண்ட் பில் எதையும் யாரும் கேட்கவில்லை.

*

பொன்னி எழுதியது:

சார், அதைத்தானே நாங்கள் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

*

கணக்கப்பிள்ளை எழுதியது:

ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். வசதி இருந்தும் விலகாதவர்கள் அரிசியை வாங்கி எங்கே விற்கிறார்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. லாரி போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஆண்டர்சனிடம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள், நாளைக் காலை பார்க்கிறேன்.